சட்டம் இலவசம்தான், தேதியைப் பாருங்கள்

வீட்டு வழக்கு வேறு, குடும்ப வழக்கு வேறு என்று பிரித்து வைத்திருப்பது நீதிமன்றம்தான். வாழ்க்கையில் அவை அப்படிப் பிரிந்து வருவதில்லை. மாமியார் வீட்டிலிருந்து வெளியே போகச் சொல்லப்பட்ட மருமகளுக்கு இருப்பது குடும்பத் தகராறா, குடியிருப்புத் தகராறா? மகனுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, இன்று அதே வீட்டின் திண்ணையில் படுத்திருக்கும் தகப்பனாருக்கு? பாகம் பிரித்தபோது கையெழுத்து மட்டும் கேட்கப்பட்ட அக்காவுக்கு? இவர்களில் யாரும் முதல் நாளே வக்கீலிடம் போவதில்லை. கோர்ட்டுக்குப் போய் வந்த சொந்தக்காரர் ஒருவரைக் கேட்பார்கள். பத்திரம் எழுதுபவரைக் கேட்பார்கள். இப்போதெல்லாம் வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு செல்போனில் தேடுகிறார்கள்.

தேடினால் கிடைக்கவும் செய்கிறது. தமிழ்நாட்டில் இருக்கும் ஒருவர் சட்டத்தின் மூல வாசகம், தன் வீட்டின் பதிவு விவரம், தன் வழக்கின் நிலை, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என எல்லாவற்றையும் பைசா செலவில்லாமல் பார்க்கலாம். தகுதி இருந்தால் வாதாட ஒரு வக்கீலையும் அப்படியே பெறலாம். கிடைத்த தகவல் இன்றைக்குச் செல்லுமா, இந்த மாநிலத்துக்குச் செல்லுமா, எனக்குச் செல்லுமா என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். முழுப் பொய்யைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு காலத்தில் சரியாக இருந்து இன்று மாறிப்போன தகவல்தான் ஆளைக் கவிழ்க்கும்.

அட்வான்ஸ் எத்தனை மாதம்?

எல்லாருக்கும் வரும் கேள்வி இது. வீட்டுக்காரர் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார். சட்டப்படி எவ்வளவு வாங்கலாம்? இணையத்தில் தேடினால், 'இரண்டு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது' என்று பல இடங்களில் பார்ப்பீர்கள். அவர்கள் கதை விடவில்லை. 2021 ஜூன் மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த மாதிரி வாடகைச் சட்டத்தில் குடியிருப்புகளுக்கு இரண்டு மாதம் என்றுதான் இருக்கிறது. ஆனால் அது பெயரிலேயே சொல்வதுபோல ஒரு மாதிரி. மாநிலம் அதை எடுத்துத் தன் சட்டமாக்கினால்தான் செல்லும். தமிழ்நாடோ அதற்கு முன்பே, 2017இல், வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் ஒன்றைத் தனியாக இயற்றிவிட்டது. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதன் 11ஆம் பிரிவு சொல்வது மூன்று மாத வாடகை.

இத்தோடு படிப்பதை நிறுத்தினால் மறுபடியும் சறுக்கல்தான். அந்தப் பிரிவு, 'மாறான உடன்பாடு இருந்தாலொழிய' என்ற பொருளில்தான் தொடங்குகிறது. ஒப்பந்தத்தில் பத்து மாதம் என்று எழுதி நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால், மூன்று மாதக் கணக்கைக் காட்டி வாதாட முடியாது. சட்ட விளக்கக் காணொளிகளில் வழக்கமாக விழுங்கப்படுவது இந்த அரை வரிதான். கையெழுத்துப் போடுவதற்கு முன் பேரம் பேச மூன்று மாதக் கணக்கு உதவும், போட்ட பிறகு உதவாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. இதைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் குறைவு.

பதினொரு மாத அக்ரிமெண்ட் என்ற பழக்கமும் இப்படித்தான். ஓராண்டுக்கு மேல் போகும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால், அதைத் தாண்டாமல் இருக்கக் கண்டுபிடித்த வழி அது. தலைமுறை தலைமுறையாக 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி வந்தோம். 2017ஆம் ஆண்டுச் சட்டமோ வாடகை ஒப்பந்தம் எதுவானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது. துணை ஆட்சியர் நிலையில் இருப்பவர் அந்த அதிகாரி. பதிவுக்கென்று அரசு தனி இணையதளமே வைத்திருக்கிறது. ஆனால் பத்திரக் கடைகளில் இன்றும் அதே பதினொரு மாதம்தான் ஓடுகிறது. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது 1960ஆம் ஆண்டுச் சட்டம், ரத்தாகிவிட்டது. அதை வைத்து எழுதிய புத்தகங்களும் இணையப் பக்கங்களும் மட்டும் ரத்தாகவில்லை. யாராவது '1960 சட்டப்படி' என்று ஆரம்பித்தால், எப்போது எழுதியது என்று பாருங்கள்.

வாடகை பாக்கி என்று சொல்லித் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவதை 20ஆம் பிரிவு தடுக்கிறது. மாடிப்படி விளக்கும் லிஃப்டும் அதில் அடங்கும். வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்தால், விசாரணை முடியும் முன்னரே இணைப்பைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. இதற்காகக் காவல் நிலையத்துக்கு அலைந்து, 'இது சிவில் விவகாரம்' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பலர்.

மூல வாசகத்தை எங்கே பார்ப்பது?

மத்திய அரசின் 'இந்தியா கோட்' என்ற இணையதளத்தில் மத்தியச் சட்டங்களும் மாநிலச் சட்டங்களும் பிரிவு பிரிவாக இருக்கின்றன. கட்டணம் இல்லை, உள்நுழையக் கணக்கும் வேண்டாம். தமிழ்நாட்டுச் சட்டங்கள் தமிழ்நாடு அரசிதழில் தமிழிலும் வெளியாகின்றன. எழுதுபொருள், அச்சுத் துறையின் இணையதளத்தில் அரசிதழ்களை இறக்கிக்கொள்ளலாம். அரசிதழ்த் தமிழ் கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருக்கும். ஒரு வாக்கியம் முக்கால் பக்கம் ஓடும். இருந்தாலும் காதால் கேட்டதைவிட அது மேல்.

படிக்கும்போது நேராகத் தேவையான பிரிவுக்குத் தாவாமல், முதல் மூன்று பிரிவுகளைப் பார்த்துவிடுவது நல்லது. சட்டம் எந்த ஊருக்கு, எந்த நாளிலிருந்து என்பது வழக்கமாக முதல் பிரிவில் இருக்கும். சட்டம் நிறைவேறிய நாளும் அமலுக்கு வந்த நாளும் வேறாக இருக்கலாம்; வாடகைச் சட்டத்திலேயே பெயரில் 2017, அமலானது 2019. இரண்டாம் பிரிவில் 'வாடகைதாரர்' என்றால் யார், 'குடும்பம்' என்றால் யார் என்ற விளக்கங்கள் இருக்கும். யாருக்கெல்லாம் இந்தச் சட்டம் பொருந்தாது என்பது அதற்குப் பக்கத்திலேயே எங்காவது இருக்கும். அரசுக் கட்டடத்தில் குடியிருப்பவரும், வேலை பார்க்கும் நிறுவனம் கொடுத்த குவார்ட்டர்ஸில் இருப்பவரும் வாடகைச் சட்டத்தில் இந்த இடத்திலேயே வெளியே நிற்பார்கள். அதன் பிறகு எத்தனை பிரிவு படித்தும் பயனில்லை.

பத்திரம், பட்டா, வில்லங்கம்

குடும்பத் தகராறில் பாதி, வீடு யார் பேரில் இருக்கிறது என்பதே தெரியாமல் நடக்கும். அண்ணன் ஒன்று சொல்வார், சித்தப்பா ஒன்று சொல்வார். யாரையும் கேட்க வேண்டாம். பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றை (இ.சி.) பார்வையிடுவது இலவசம். சர்வே எண்ணோ ஆவண எண்ணோ சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயரோடு கொடுத்தால், குறிப்பிட்ட காலத்துக்குள் அந்தச் சொத்தின் மீது பதிவான கிரயம், அடமானம், தான செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் எல்லாம் வரிசையாக வரும். பெரும்பாலான இடங்களுக்கு 1975 முதல் கணினியில் இருக்கிறது. அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்டித் தேட வேண்டும்.

அதில் வராததும் நிறைய. பதிவு செய்யாத உயில் வராது. வெறும் தாளில் எழுதிய விற்பனை ஒப்பந்தம் வராது. நிலுவையில் இருக்கும் வழக்கு பொதுவாகத் தெரியாது. ஆகவே இ.சி. சுத்தம் என்றால் சொத்து சுத்தம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றை வருவாய்த் துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையச் சேவையில் பார்க்கலாம். இங்கும் ஒரு எச்சரிக்கை. பட்டா வரி விதிப்புக்கும் அனுபவத்துக்குமான வருவாய்த் துறைப் பதிவு. பட்டாவில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. அப்பா இறந்த பிறகு அண்ணன் தன் பேருக்கு மட்டும் பட்டா மாற்றிக்கொண்டார் என்பதற்காகத் தங்கையின் பங்கு போய்விடாது. புது அடுக்குமாடி வாங்குவோர், கட்டுமானத் திட்டங்கள் பதிவாகும் ரெரா தளத்தையும் ஒரு முறை திறந்து பார்க்கலாம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ எட்டு வீடுகளுக்கு மேலோ கட்டும் திட்டம் அங்கே பதிவாகியிருக்க வேண்டும்.

மகளுக்குப் பங்கு: எந்த ஆண்டுக் கதை?

பழைய தகவல் எப்படிக் கெடுக்கும் என்பதற்குப் பெண்களின் சொத்துரிமையைவிட நல்ல உதாரணம் இல்லை. ஊரில் கேட்டுப் பாருங்கள், 'எண்பத்தொன்பதுக்கு முன்னாடி கல்யாணம் ஆனவளுக்குப் பங்கு இல்லை' என்று இன்றும் சொல்வார்கள். உண்மையில் அப்படி ஒரு காலம் இருந்தது. இந்து கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போலப் பிறப்பிலேயே உரிமை என்று தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடிகளில் ஒன்றாகத் திருத்தம் கொண்டுவந்தது. அது 1989 மார்ச் 25 முதல் செல்லும். ஆனால் அந்த நாளுக்கு முன் திருமணமான மகள்களை அந்தத் திருத்தம் விட்டுவிட்டது.

பிறகு 2005 செப்டம்பர் 9 அன்று மத்தியத் திருத்தம் வந்தது. அதில் திருமணம் ஆனவர், ஆகாதவர் என்ற பேதமே இல்லை. அந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று நீதிமன்றங்களுக்குள்ளேயே பல ஆண்டுகள் கருத்து மாறுபாடு ஓடியது. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, வேண்டியதில்லை, உரிமை பிறப்பால் வருவது என்று முடித்துவைத்தது. ஆக, 2003இல் எழுதிய கையேடும் 2016இல் எழுதிய கையேடும் 2021இல் எழுதிய கையேடும் ஒரே குடும்பத்துக்கு மூன்று பதில் சொல்லும். மூன்றும் எழுதிய அன்று சரிதான்.

இதற்கும் விளிம்புகள் உண்டு. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பு மூலமோ முடிந்த பாகப்பிரிவினையை இந்த உரிமை தொடாது. அப்பா தானே சம்பாதித்து வாங்கிய வீடு என்றால் இந்தப் பேச்சே வேறு: அவர் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள், அவருடைய தாய் எல்லாருக்கும் சமபங்கு; இது 1956 முதலே இருக்கும் விதி. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், முஸ்லிம்களுக்கு அவர்களுடைய தனிச் சட்டம். பக்கத்து வீட்டு வழக்கில் கிடைத்த தீர்ப்பு உங்கள் வீட்டுக்குப் பொருந்தாமல் போக இவ்வளவு காரணங்கள் இருக்கின்றன.

2024 ஜூலை 1

இந்தத் தேதியை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். அன்றிலிருந்து இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. ஜீவனாம்சம் என்றாலே 125ஆம் பிரிவு என்றுதான் வக்கீல் குமாஸ்தா முதல் டீக்கடை வரை பேசி வந்தோம். இப்போது அது புதிய நடைமுறைச் சட்டத்தின் 144. கணவர் வீட்டாரின் கொடுமைக்கான 498ஏ, இப்போது 85, 86 ஆகிய பிரிவுகளில் இருக்கிறது. சாரம் பெரிதாக மாறவில்லை, எண் மாறியது. அந்த நாளுக்கு முன் நடந்த குற்றத்துக்கும், அன்று நிலுவையில் இருந்த மனுவுக்கும் பழைய சட்டமே தொடரும். அதனால் 125 என்று போட்ட நோட்டீஸ் வந்தாலே போலி என்றோ, 144 என்று பார்த்ததும் ஊரடங்கு உத்தரவு என்றோ பதறத் தேவையில்லை.

ஜீவனாம்ச வழக்கில் இருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இலவச ஆவணம் ஒன்று உண்டு. 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த ரஜ்னேஷ் - நேஹா தீர்ப்பு. கணவன், மனைவி இருவரும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தர வேண்டும், ஜீவனாம்சம் மனுப் போட்ட நாளிலிருந்து கணக்காக வேண்டும் என்று அது சொன்னது. அந்த வாக்குமூலத்தின் படிவங்களே தீர்ப்பின் இணைப்பாக இருக்கின்றன. 'சம்பளம் எவ்வளவு?' என்று கேட்டால் பதில் வராத வழக்குகளில் இதைப் படித்துவிட்டுப் போகும் பெண், வக்கீலிடம் கேட்க வேண்டிய கேள்வியைத் தெரிந்துகொண்டு போகிறார்.

இந்த மாதிரித் தீர்ப்புகளை உச்ச நீதிமன்றம் 2023 முதல் மின்னணுத் தீர்ப்புத் தொகுப்பாக இலவசமாகவே தருகிறது. பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. மொழிபெயர்ப்பு வாதிகள் புரிந்துகொள்வதற்கு மட்டுமே. நீதிமன்றத்தில் ஆங்கிலப் பிரதிதான் செல்லும் என்று அதிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

வீடும் குடும்பமும் ஒன்றாகும் இடம்

கணவர் வீட்டில் வாழும் பெண்ணுக்கு அந்த வீடு மாமனார் பெயரில் இருந்தால் என்ன உரிமை? 2006 டிசம்பரில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், மாமனார் மாமியாருக்குச் சொந்தமான வீட்டில் மருமகள் குடியிருப்பு உரிமை கேட்க முடியாது என்றது. பதினான்கு ஆண்டுகள் இதைக் காட்டித்தான் பெண்களை வெளியே அனுப்பினார்கள். 2020 அக்டோபர் 15 அன்று சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பு சட்டத்தைச் சரியாகச் சொல்லவில்லை என்று மாற்றியது. உறவுமுறையில் மருமகள் குடும்பமாக வாழ்ந்த வீடு என்றால், பத்திரம் மாமனார் பேரில் இருந்தாலும் அது 'பகிர்ந்து வாழும் இல்லம்' ஆகலாம். அதனால் சொத்தில் பங்கு வந்துவிடாது. சட்ட நடைமுறை இல்லாமல் வெளியேற்றக் கூடாது என்பதுதான் கிடைக்கும் பாதுகாப்பு. முதியவர்களின் உரிமையையும் சேர்த்தே நீதிமன்றம் எடை போடும். இந்த வேறுபாட்டை இரு தரப்பு வீடுகளும் தெரிந்துகொண்டால் பல சண்டைகள் கோர்ட் வரை வராது என்பது என் எண்ணம்.

இதற்கான சட்டம் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் இருப்பார். புகாரைப் படிவத்தில் எழுதுவது, மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொண்டுபோக உதவுவது, இலவச வக்கீலுக்கு ஏற்பாடு செய்வது எல்லாம் அவர் கடமை. அம்மா வீட்டுக்கு வந்துவிட்டவர், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் அந்த ஊரிலேயே மனுக் கொடுக்கலாம். கணவர் ஊருக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் 27ஆம் பிரிவைக் காட்டுங்கள். 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும். உடனே உதவி தேவைப்பட்டால் பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098.

முதியவர்கள் பக்கம் வருவோம். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, பிள்ளைகளிடம் மாதப் பராமரிப்புக் கேட்டு கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிட முடியும். சட்டத்தின் 17ஆம் பிரிவு இரு தரப்புக்கும் வக்கீல் வேண்டாம் என்கிறது. பெரியவரே தன் மொழியில் சொல்லலாம் என்பது நோக்கம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் வழிமுறை கேட்கலாம்.

பலரும் தேடி வருவது 23ஆம் பிரிவுக்குத்தான். 'பிள்ளை பார்க்கவில்லை என்றால் எழுதிக்கொடுத்த வீட்டைத் திருப்பி வாங்கலாம்' என்று இதைச் சுருக்கிச் சொல்கிறார்கள். சுருக்கத்தில் இரண்டு விஷயங்கள் காணாமல் போகின்றன. சட்டம் அமலுக்கு வந்த பிறகு எழுதிக்கொடுத்த சொத்துக்குத்தான் இது. அடுத்து, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதியிருக்க வேண்டும். 2022 டிசம்பரில் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த நிபந்தனையை வலியுறுத்தியது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில், மூத்தவர்களைக் காக்க வந்த சட்டம் என்பதால் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லித் தாய்க்குச் சொத்தைத் திருப்பிக் கொடுத்தது. இனி செட்டில்மெண்ட் எழுதப் போகிறவர்களுக்கு இதில் இருக்கும் வேலை எளிது: சாகும் வரை பராமரிக்க வேண்டும், வீட்டில் இருக்க உரிமை உண்டு என்ற வரிகளைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அந்த இரண்டு வரிக்காக முத்திரைக் கட்டணம் அதிகமாகாது.

இலவச வக்கீல் யாருக்கு?

நீதிமன்ற வளாகங்களில் 'சட்டப்பணிகள் ஆணைக்குழு' என்று பலகை பார்த்திருப்பீர்கள். மாவட்டத்துக்கு ஓர் ஆணைக்குழு, வட்ட அளவில் குழு. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1995 முதல் இயங்குகின்றன. மாவட்ட நீதிபதி தலைவர், இன்னொரு நீதிபதி செயலாளர். ஏழைகளுக்கு மட்டும் என்று நினைத்துப் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. 12ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானக் கேள்வியே கிடையாது. மாதம் லட்ச ரூபாய் சம்பளம் வாங்கும் பெண்ணும் கேட்கலாம். இந்தப் பட்டியலில் வராத ஆணுக்குத்தான் வருமான வரம்பு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். தேசிய உதவி எண் 15100. வழக்குக்கு முந்தைய ஆலோசனை மட்டும் போதுமென்றால் பொதுச் சேவை மையங்கள் வழியே நடக்கும் டெலி-லா சேவையில் வக்கீலோடு பேசலாம், அதன் எண் 14454.

இலவசம் என்றால் வக்கீலின் கூலியை அரசு கொடுக்கிறது என்று பொருள். அவர் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். செயலாளரிடம் எழுத்தில் சொல்லுங்கள், வேறு வக்கீலை நியமிக்கக் கேட்கலாம். தரம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதை மறைத்துப் பயனில்லை.

அதே வளாகத்தில் சமரச மையமும் மக்கள் நீதிமன்றமும் இருக்கும். நாட்டிலேயே முதன்முதலாக நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் 2005இல் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது. மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே கையெழுத்திட்ட முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது. வேன் வாடகை கொடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லாம் வந்திருக்கிறார்களே என்ற நெருக்கடியில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம். வாசகத்தை வாங்கி, உட்கார்ந்து படியுங்கள்.

வழக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால்

ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்ற 16 இலக்க எண் உண்டு, எழுத்தும் எண்ணும் கலந்தது. 'இ-கோர்ட்ஸ்' இணையதளத்திலோ செயலியிலோ அதைப் போட்டால் அடுத்த வாய்தா என்று, போன வாய்தாவில் என்ன நடந்தது, யார் வக்கீல் என்பது தெரியும். எண் தெரியாவிட்டால் பெயரை வைத்தும் தேடலாம். 'கேஸ் போய்க்கிட்டிருக்கு' என்று வருடக்கணக்கில் கேட்டுவிட்டு, ஆஜராகாததால் ஒருதலைப்பட்சமாக எப்போதோ தீர்ப்பாகிவிட்டது என்று பிறகு அறிந்தவர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒரு முறை நீங்களே பாருங்கள். வக்கீல் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

இணையத்தில் படிப்பதை எப்படி எடை போடுவது? வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி. கட்டுரை எழுதலாம். அதனால் இலவசச் சட்டக் கட்டுரைகளில் ஒரு பகுதி, கடைசிப் பத்தியில் தொலைபேசி எண்ணோடு முடியும். அவை எல்லாம் தவறு என்றில்லை. ஆனால் எந்த மாநிலம், எந்த ஆண்டு, எந்தப் பிரிவு என்ற மூன்றும் இல்லாத கட்டுரையை நான் பாதியில் மூடிவிடுவேன். செயற்கை நுண்ணறிவு செயலிகளிடம் கேட்பவர்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். இல்லாத தீர்ப்பைப் பெயர், ஆண்டு, பக்க எண்ணோடு அவை சொல்லிவிடும். அப்படி ஒரு தீர்ப்பைச் சொன்னால் உச்ச நீதிமன்றத் தொகுப்பிலோ 'இந்தியன் கானூன்' என்ற இலவசத் தேடுபொறியிலோ தேடிப் பாருங்கள். வரவில்லை என்றால் அதை நம்பி மனுவில் எழுத வேண்டாம்.

நீங்களே படித்துத் தெரிந்துகொள்வதற்கு ஓர் எல்லையும் உண்டு. சம்மன் கைக்கு வந்துவிட்டால் கட்டுரை தேடும் நேரம் முடிந்தது. சிவில் வழக்கில் எதிருரை தாக்கல் செய்ய 30 நாள், நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை. பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கு, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு, ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட விடுதலைப் பத்திரம் போன்றவற்றுக்கு ஆள் வேண்டும். போகும்போது நடந்ததைத் தேதி வாரியாக ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள்: திருமணம் ஆன நாள், வீட்டுக்கு வந்த நாள், பத்திரம் பதிவான நாள், நோட்டீஸ் வந்த நாள். அரை மணி நேரக் கதையில் வக்கீல் தேடுவது இந்த நாட்களைத்தான். பத்திரங்களின் நகலைக் கொடுங்கள். அசலைக் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள், கொடுத்தால் ரசீது வாங்குங்கள்.